காவல் வீட்டின் பின்பக்கம்

எங்கள் முதலாளி அந்த இங்கிலாந்துக் கூரை வீட்டை மொத்தம் மூன்று நிமிஷம் பார்த்திருக்கிறார். அதுவும் சுற்றுலா பஸ் ஜன்னல் வழியாக. ஒரு பெரிய மாளிகைக்குப் போகும் பாதையின் வாசலில், கேட்டை ஒட்டி, மழைக்கு முளைத்த காளான் மாதிரி ஒரு குட்டி வீடு. புல் கூரை, முறுக்கின புகைபோக்கி, கட்டம் கட்டமாகக் கண்ணாடி. பார்த்தது அவ்வளவுதான். ஊர் திரும்பிய மறுநாளே கேளம்பாக்கத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வில்லாக்களின் கேட் வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, "உள்ளே வர்றவனுக்குக் கேட்டுலயே இங்கிலாந்து தெரியணும்" என்றார்.

நான் அந்தக் கம்பெனியில் சிவில் என்ஜினீயர். பத்தொன்பது வருஷமாகத் தாம்பரத்துக்குத் தெற்கே அடுக்குமாடிகளாக வரைந்து தள்ளியிருக்கிறேன். முதலாளிக்கு ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கும் ஒரு கட்டடம் உண்டு. துபாய் போய் வந்த வருஷம் பெருங்களத்தூரில் ஒரு நீரூற்று வைத்தோம். இப்போது அதில் தண்ணீர் இல்லை, கொசு இருக்கிறது. ஆகவே இங்கிலாந்தும் நாலு நாளில் ஆறிவிடும் என்று இருந்தேன். ஆறவில்லை. நேரில் போய் அளந்து வரச் சொல்லி என்னையும் பிரவீணையும் அனுப்பிவிட்டார்.

பிரவீண் முதலாளியின் அக்கா மகன். மார்க்கெட்டிங் பார்க்கிறார். முப்பத்திரண்டு வயது, இரண்டு போன். கட்டடம் என்றால் அவருக்கு அதன் முன்பக்கம்தான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு சைட்டில் தேவகி என்னைப் பிடித்துக்கொண்டாள். வாட்ச்மேன் ஏழுமலையின் மனைவி. இருவரும் செய்யூர்ப் பக்கத்துக்காரர்கள். சிமெண்ட் கொட்டகையை ஒட்டித் தகர அறையில் ஒன்றரை வருஷமாக இருக்கிறார்கள். மதியம் அந்த அறைக்குள் கை நீட்டினால் இட்லிப் பானைக்குள் நீட்டிய மாதிரி இருக்கும். கேட்டில் வரப்போகிற இங்கிலாந்து வீடு அவளுக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவள் அதை நம்பியும் நம்பாமலும் இருந்தாள்.

"மேடம், அங்க போய்ப் பாக்கசொல்ல, அந்த வூட்ல சமையல் எங்க பண்றாங்கன்னு மட்டும் பாத்துனு வாங்க" என்றாள்.

சரி என்றேன். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வேலை உத்தரவு அதுதான்.

முதல் நாளே இங்கிலாந்து எங்களை நடு ரோட்டில் இறக்கிவிட்டது. ரயில் முடிந்து ஒரு சின்ன பஸ். நாங்கள் போகவேண்டிய ஊருக்கு மேலூர், கீழூர் என்று இரண்டு பாகம். நம் கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் மாதிரி எதில் இறங்கினாலும் நடந்துவிடலாம் என்று நான்தான் தைரியம் சொல்லி இறங்கினேன். நமக்கு நடுவில் இருப்பது ரயில் தண்டவாளம். அவர்களுக்கு நடுவில் மூன்று மைல் ஆட்டு மேய்ச்சல். அடுத்த பஸ் எப்போது என்று டிரைவரிடம் கேட்டேன். "நாளைக்கு, அம்மா" என்றார் வெகு அன்பாக. இந்த நாட்டில் கெட்ட செய்தியை எல்லாம் வெண்ணெய் தடவித்தான் தருகிறார்கள். பொங்கலுக்கு முன்தினம் பெருங்களத்தூரில் பஸ் நிற்காமல் போகும், உண்மைதான். ஆனால் கண்டக்டர் தொங்கிக்கொண்டே எந்த ஊருக்குப் போகிறது என்றாவது கத்திவிட்டுப் போவார்.

இரண்டு பக்கமும் ஆள் உயரச் செடிவேலி. நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற சாலை. எதிரே டிராக்டர் வந்தால் பெட்டியோடு வேலிக்குள் சாய்ந்து நிற்க வேண்டும். மூன்றாவது டிராக்டருக்குச் சாய்ந்தபோது பிரவீணின் பெட்டிச் சக்கரம் ஒன்று கழன்று ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சேறு அப்பிய ஜீப் ஒன்றில் வந்த அம்மாள் எங்களை ஏற்றிக்கொண்டார். முன் சீட்டில் அவருடைய நாய் உட்கார்ந்திருந்தது. அதை இறங்கச் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. நாங்கள் பின்னால் தீவன மூட்டைகளோடு உட்கார்ந்தோம். எதற்கு வந்தோம் என்று கேட்டார். கூரை வீட்டைப் பார்க்க என்றதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதற்காகத்தானே கட்டினார்கள்" என்றார். உங்கள் வீடும் புல் கூரையா என்று கேட்டேன். "எங்களுடையது ஓடு. கடவுள் இருக்கிறார்" என்றார்.

தங்கிய விடுதியின் அம்மாளுக்குப் பேச்சைவிட நோட்டீஸ் ஒட்டுவதில் ஆர்வம். குளியலறையில் மட்டும் ஏழு நோட்டீஸ். ஒரு குழாயில் கொதிக்கிற நீர், இன்னொன்றில் உறைகிற நீர். இரண்டையும் சந்திக்க வைப்பது நம் பாடு. காலையில் இனிப்புத் தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸ் வந்தது. அது புரட்டாசி மாதம். பிரவீண் சைவம் என்றதும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பச்சைப் பட்டாணியை மசித்து ஒரு குவியல் வைத்தார்கள். பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட நாம் அதில் கொஞ்சம் உப்பும் நெய்யும் போடுவோம். நான் எடுத்துப் போன பருப்புப் பொடியை அவர் அதன்மேல் தூவி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அன்றிலிருந்து என்னிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டார்.

இரண்டாம் நாள் வீட்டைத் தேடிப் போனோம். பூட்டியிருந்தது. புதன், சனி மட்டும் மதியம் இரண்டு மணி நேரம் திறப்பார்களாம். அன்று செவ்வாய். இருநூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே நிற்கிற வீடு, இன்னொரு நாள் காத்திருக்கச் சொல்வதில் அதற்கென்ன வெட்கம். வெளியிலிருந்து பார்த்தோம்.

முதலாளி பார்த்தது சரிதான், காளானேதான். வட்டச் சுவர், அதன்மேல் புருவம்வரை இறக்கிய குல்லா மாதிரி புல் கூரை. கூரை ஒரு அடிக்கு மேல் கனம். உச்சியில் சேலைக் கரை மாதிரி வளைவு வளைவாக வெட்டி, குச்சிகளால் தைத்திருந்தார்கள். அதற்குமேல் முழுக்கக் கோழி வலை. குருவி புல்லைப் பிடுங்காமல் இருக்கவாம். கோடீஸ்வரன் வாசலில் நிற்கிற வீட்டுக்குத் தலையில் கோழி வலை. கூரையைத் தாங்குகிற மாதிரி முன்னால் ஆறு மரத் தூண்கள், பட்டைகூட உரிக்காமல். காட்டிலிருந்து நேராக நடந்து வந்து நின்ற மாதிரி இருக்க வேண்டுமாம். நான் குனிந்து பார்த்தேன். நான்கு தூண்களின் மேல்முனைக்கும் கூரைக்கும் நடுவே என் விரல் போகிற இடைவெளி இருந்தது. அவை எதையும் தாங்கவில்லை. இருநூறு வருஷமாகச் சும்மா நிற்கின்றன.

"செம லுக்கு மேடம்" என்றார் பிரவீண். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எடுத்த படங்களில் எல்லாம் அந்தத் தூண்கள் இருந்தன.

இடது பக்கம் ஒரு கூர்முனை ஜன்னல், வலது பக்கம் அதே மாதிரி இன்னொன்று. வலது பக்கத்து ஜன்னலில் ஏதோ சரியில்லை என்று பட்டது. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். சுவர். ஜன்னலைச் சுவரில் பெயிண்டால் வரைந்திருந்தார்கள். சாலையில் வண்டியில் போகிறவர் கண்ணுக்கு இரண்டு பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. உள்ளே இருப்பவருக்குக் காற்று வர வேண்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் கட்டடத்தின் முகப்பில் மட்டும் கண்ணாடி ஒட்டுகிற ஆட்களை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அவர்களுக்கு இவ்வளவு பழைய பரம்பரை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் மழை. இரண்டு மணிக்குச் சாவியோடு ஜேனட் என்கிற பெண்மணி வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, எழுபது இருக்கும். சம்பளமில்லாமல் வாரம் இரண்டு நாள் வந்து வீட்டைத் திறந்து காட்டுகிறார். பார்வையாளர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் டேப்பை எடுத்ததும் முகம் சுளித்தார். எதையும் தொடக்கூடாது என்பது விதியாம். நான் கட்டடக்காரி, இதே மாதிரி ஒன்றைக் கட்டப்போகிறார்கள், அதில் ஒரு குடும்பம் இருக்கப்போகிறது என்று சொன்னேன். ஜேனட் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "இதிலா? ஆட்கள் இருக்கப்போகிறார்களா?" என்று கேட்டுவிட்டு, டேப்பின் மறுமுனையை அவரே வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

நுழையும்போதே நிலையில் தலை இடித்தது. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். என் தலையே இடிக்கிற வாசலை யாருக்காகக் கட்டினார்கள் என்று கேட்டேன். வெளியிலிருந்து பார்க்கும்போது வீடு பொம்மை மாதிரி இருக்க வேண்டும், அதனால் கதவைச் சின்னதாக வைத்தார்கள் என்றார் ஜேனட்.

உள்ளே ஒரே வட்ட அறை. பன்னிரண்டு அடி விட்டம். மேலே ஏணி வைத்து ஏறினால் தூங்க ஒரு பரண். வட்ட அறையில் கட்டில் போட்டால் தலைமாட்டு மூலைகள் இரண்டும் சுவரில் முட்டி, பின்னால் எலி குடித்தனம் நடத்துகிற இடம் விடுகிறது. பீரோ என்ற ஒன்றை வைக்கவே வழியில்லை. சுவரைத் தடவினால் கை ஈரமாகிறது. கண்ணாடிக் கட்டங்கள் ஈயத்தில் பதித்தவை, திறக்காது. வெளிச்சம் வருவதற்குள் சோர்ந்துவிடுகிறது. இந்த அறையில் கேட்காரனும் அவன் மனைவியும் ஆறு பிள்ளைகளும் இருந்தார்களாம்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சத்தமில்லை, ஒரு சொட்டு இல்லை. ஐம்பது டிகிரிக்குக் குறையாத சாய்வு, அவ்வளவு கனமான புல். மேல் இரண்டு அங்குலம் நனைவதோடு சரி, தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது. அந்தக் கூரையை வேய்ந்த ஆளுக்கு வேலை தெரியும். அவரை ஏவியவர்களைப் பற்றித்தான் என் பேச்செல்லாம்.

ஜேனட் அவர்களைப் பற்றிச் சொன்னார். மாளிகைக்காரருக்கு வாசலில் ஒரு அழகான ஏழை வீடு வேண்டியிருந்தது. விருந்தாளிகளின் வண்டி தூரத்தில் தெரிந்ததும் கேட்காரன் மனைவி அவர்கள் கொடுத்த சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கும்பிட்டு நிற்க வேண்டும். புகைபோக்கியிலிருந்து புகை வருவது வீட்டுக்கு உயிர் கொடுக்கிறது என்று யாரோ ஓவியர் சொன்னாராம். அதிலிருந்து, விருந்து நாட்களில், நடுக் கோடையாக இருந்தாலும், அடுப்பில் ஈரச் சருகைப் போட்டுப் புகை எழுப்ப வேண்டும். எழுதி வைத்த ஆதாரம் எதுவுமில்லை, ஊரில் வழிவழியாகச் சொல்வது என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த ஆறு பிள்ளைகளும் பரணில் இருந்தார்களா, புகைக்குப் பயந்து வெளியே ஓடினார்களா என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மனிதனைக் குடிவைத்துவிட்டு அவன் இருமுவதை வேடிக்கை பார்ப்பதற்கு இவ்வளவு வேலைப்பாடா? ஆனால் ஆத்திரம் அங்கேயே நிற்கவில்லை, என் பக்கமே திரும்பியது.

முடிச்சூரில் ஏரிப் பக்கம் மனை போட்ட காலத்தில் நான் ஒரு அடுக்குமாடி வரைந்தேன். வாட்ச்மேனுக்கு இடம் கேட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே ஆறுக்கு ஏழு என்று ஒரு கட்டம் போட்டு, 'ஸ்டோர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அறை என்று எழுதினால் விதிப்படி ஜன்னல் வைக்க வேண்டும். 2015 வெள்ளத்தில் தண்ணீர் முதலில் போனது அந்தக் கட்டத்துக்குள்தான். வாட்ச்மேனும் மனைவியும் இரண்டு நாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர்கள் சாப்பாடு கொடுத்தார்கள். உள்ளே வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. தண்ணீர் வடிந்தபின் நான் போய்ப் பார்த்தபோது அந்தப் பெண் நனைந்த பாயைப் படிக்கட்டுக் கைப்பிடியில் விரித்துக்கொண்டிருந்தாள். என்னை யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"சமையல் எங்கே செய்தார்கள்?" என்று ஜேனட்டைக் கேட்டேன்.

அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. யாரும் அதைக் கேட்பதே இல்லை என்றார். கூரையைக் கேட்பார்கள், தூண்களைக் கேட்பார்கள், பேய் இருக்கிறதா என்று கேட்பார்கள். குடையை விரித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி அழைத்துப் போனார். பின்னால் முள்வேலி ஒன்று கூரை உயரத்துக்கு வளர்ந்து, வீட்டின் முதுகைச் சாலையிலிருந்து முழுக்க மறைத்திருந்தது. அதற்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சாய்ப்பு. ஒன்றோடொன்று சேராத செங்கல், மேலே சாதாரணக் கல் பலகை ஓடு. சதுரமான அறை. அதில் மூன்றடிக்கு நாலடி ஒரு ஜன்னல், வளைவில்லை, கூர்முனையில்லை, இரண்டு கதவும் முழுசாகத் திறக்கும்.

இரண்டாவதாக வந்த கேட்காரன், மாளிகையில் யாரும் இல்லாத ஒரு குளிர்காலத்தில், கிடைத்த செங்கல்லை வைத்து அவனே கட்டினானாம். மாளிகைக்காரர் திரும்பி வந்து இடிக்கச் சொன்னார். அவன் இடிக்கவில்லை. வேறு ஆள் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவும் இல்லை. கடைசியில் இந்த வேலியை நட்டு மறைத்துவிட்டார்கள்.

"இந்த வீட்டில் என்னால் இருக்க முடிகிற ஒரே அறை இதுதான்" என்றார் ஜேனட்.

மழை நாளில்கூட அங்கே வெளிச்சம் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே கல் மேடை. நின்று பார்த்தேன், என் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. வட்ட அறையில் அளந்ததை மூடிவைத்துவிட்டு, புது பக்கத்தில் இதை மட்டும் வரைந்தேன். மேடை உயரம், ஜன்னல் அடிமட்டம், கதவு அகலம், அடுப்புக்கு மேல் புகைவழி. ஜேனட் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அளவையும் என்னோடு சேர்ந்து உரக்கச் சொன்னார். பிரவீண் குடைக்குள் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

நான்காம் நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அவர் பேச்சை எடுத்தார். மாமா கேட்டது முன்பக்கம் மட்டும்தான் என்றார். பின்னால் சமையலறை என்றால் இடம் போகும், வேலை கூடும், பிரௌச்சரில் அது வரவே வராது.

"வாட்ச்மேன் வீட்டுக்குப் பின்னாடி போய் யார் மேடம் பாக்கப்போறா?"

"தேவகி பாக்கப்போறா" என்றேன்.

அவர் கையில் ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியும் வெள்ளரியும் வைத்த, பிரிட்ஜிலிருந்து எடுத்த பிணம் மாதிரி சில்லென்ற ஒரு சாண்ட்விச். பாதியைக் கடித்துவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றினார். பஸ் பதினெட்டு நிமிஷம் தாமதமாக வந்தது. டிரைவர் ஐந்து முறை மன்னிப்புக் கேட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றாலும் நம்மிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. எனக்கென்னவோ அதுதான் நேர்மையாகப் படுகிறது.

ஊர் வந்து வரைபடத்தை முதலாளி மேஜையில் விரித்தேன். முன்பக்கம் அவர் கேட்ட எல்லாம் இருந்தது. வட்டச் சுவரை மட்டும் உள்ளே சதுரமாக்கியிருந்தேன். பின்னால் எட்டுக்குப் பத்து ஒரு சமையலறை, நாலடி ஜன்னல், அதையொட்டிக் குளியலறை. முதலாளி பின்பக்கத்தின்மேல் பேனாவை வைத்து அடித்தார். அந்த இடத்தில் டிரான்ஸ்பார்மருக்குப் போகும் நடைபாதை வருகிறதாம். வாட்ச்மேன் தம்பதிக்கு ஒரு பர்னர் அடுப்பை அறையிலேயே வைத்தால் போதாதா என்றார்.

அந்த இடத்தில் நான் வழக்கமாகச் சரி சார் என்று சொல்லிவிட்டு வருகிற ஆள். ஐம்பத்தொரு வயது, வேறு கம்பெனி தேடுகிற வயதில்லை. என் கணவர் அடுத்த வருஷம் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய் பேசிவிட்டது.

"பின்பக்கம் இல்லாம இந்த டிராயிங்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து பிரவீணைப் பார்த்து, நீ என்னப்பா சொல்ற, அங்க எப்படி இருந்துச்சு என்று கேட்டார். பிரவீண் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரிஜினல்ல பின்னாடி கிச்சன் இருக்கு மாமா. அது இல்லேன்னா டூப்ளிகேட்தான்."

முதலாளிக்கு ஏழைகள்மேல் அக்கறை இல்லாமலில்லை. ஆனால் ஒரிஜினல்மேல் இருக்கிற அக்கறை அதைவிடப் பெரியது. பேனாவை மூடினார். நடைபாதை மூன்றடி தள்ளிப் போனது. வெளியே வந்து பிரவீணுக்கு நன்றி சொன்னேன். அவர், தேவகி அக்கா தனக்கு இரண்டு தடவை கூழ் ஊற்றிக் கொடுத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். அவருக்கு அவள் பெயர் தெரியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

ஐந்து மாதத்தில் கேட்டில் இங்கிலாந்து எழும்பியது. புல்லுக்குப் பதில் ஈ.சி.ஆர். ஓட்டல்களில் போடுகிற பிளாஸ்டிக் ஓலை, கான்கிரீட் தளத்தின்மேல் ஒட்டியது. புகைபோக்கிக்குக் கீழே ஒன்றுமில்லை, மேலே காக்கை உட்கார்ந்தால் உண்டு. ஆறு தூண்களையும் சிமெண்டில் வார்த்து, பட்டை மாதிரி வரி இழுத்துப் பழுப்பு பெயிண்ட் அடித்தோம். ஒரு தூணை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த நிஜ வேப்ப மரத்துக்குப் போனது. கட்டடம் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அது ஒன்றுதான் கறாரானது.

தேவகி பால் காய்ச்சிய அன்று என்னைக் கூப்பிட்டாள். சமையலறை ஜன்னல் கதவு இரண்டையும் திறந்து வைத்திருந்தாள். மேடையை உள்ளங்கையால் இரண்டு முறை தடவிப் பார்த்தாள். அங்கேயும் இப்படித்தானா என்று கேட்டாள். அங்கேயும் ஒருத்தன் தானே கட்டிக்கொண்டதுதான் இது என்றேன். இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினாள். ஏழுமலை, வூட்டுக்குள்ள மெய்யாலுமே காத்து வருது மேடம் என்று ஏதோ புகார் சொல்வது மாதிரி சொன்னார்.

வில்லாக்களில் ஆட்கள் குடிவந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். முதலாளி காலையிலேயே போன் செய்தார். குடியிருப்பவர்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருக்கிறார்கள். காவல் வீட்டு முன் தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நைலான் கயிறு கட்டி, புடவையும் லுங்கியும் தொங்குகிறது. வருகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். போய் உடனே அந்தக் கயிற்றை எடுக்க வைக்கச் சொன்னார்.

போனேன். தேவகி வாளியோடு நின்றிருந்தாள். திட்டு வாங்கப் போகிறோம் என்று தெரிந்த முகம். ஏன் பின்னால் கட்டவில்லை என்று கேட்டேன்.

"பின்னாடி வெயிலே படல மேடம். சுவரும் டிரான்ஸ்பார்மரும் மறைச்சிக்கிது. ரெண்டு நாளா காஞ்சும் காயாம நாத்தம் அடிக்குது. அவருக்கு டூட்டிக்குப் போட வேற சட்டை இல்ல."

பின்னால் போய்ப் பார்த்தேன். மணி பத்தரை. முழுக்க நிழல். சமையலறையை வடக்கே வைத்தவள் நான்தான். காற்றைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்த்தேன். துவைத்த துணி எங்கே காயும் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு மொட்டை மாடி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் வரைந்த எந்த வாட்ச்மேன் அறைக்கும் மொட்டை மாடிச் சாவி கிடையாது. அந்த மாளிகைக்காரரை வழியெல்லாம் மனதுக்குள் திட்டியவளுக்கு இது தோன்றவே இல்லை.

முன்பக்கம் வந்தேன். நல்ல தெற்கு வெயில். தூணுக்குத் தூண் ஏழு அடி. எதையும் தாங்காமல் வெறுமனே நின்றுகொண்டிருந்தன.

எலக்ட்ரீஷியனிடமிருந்து டிரில் மெஷினும் கொக்கிகளும் கம்பியும் வாங்கி வந்தேன். தூண்களின் உள்பக்கத்தில், தலைக்கு மேல் எட்டும் உயரத்தில், ஒவ்வொன்றிலும் துளை போட்டு இரும்புக் கொக்கி இறக்கினேன். பழுப்பு பெயிண்ட் உதிர்ந்து உள்ளே சாம்பல் சிமெண்ட் தெரிந்தது. நைலான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தேவகி கையில் கொடுத்துவிட்டு, கொக்கிக்குக் கொக்கி துருப்பிடிக்காத கம்பியை இழுத்து முறுக்கினேன். அவள் வாளியிலிருந்து ஏழுமலையின் காக்கிச் சட்டையை எடுத்து உதறி, கம்பியில் போட்டுக் கைகளை நீவிவிட்டாள்.

அப்போது முதலாளி மறுபடி கூப்பிட்டார்.

"கயித்தை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார்" என்றேன்.